வாசகர் கேள்வி பதில்: போன் எங்கே தூங்குகிறது?

இந்த இதழில் இச்சை, குடி பற்றி வந்த நான்கு கடிதங்களுக்கு ஆசிரியர் குழு பதில் தருகிறது. யாருடைய பெயரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எனக்கு 26 வயது. சென்னையில் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். ஞானஸ்நானம் எடுத்தவன், வாலிபர் கூடுகையில் பாடல் நடத்துகிறேன். ஆனால் ஆறேழு வருடமாக ஆபாசப் படம் பார்க்கும் பழக்கத்தை விட முடியவில்லை. ஒவ்வொரு உபவாசக் கூட்டத்திலும் அழுது ஒப்புக்கொடுக்கிறேன். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிப்பேன், பிறகு விழுந்துபோவேன். என்னிடம் இச்சையின் ஆவி இருப்பதாக ஒரு ஊழியர் சொன்னார். உண்மையா?
— ஒரு சகோதரர், வேளச்சேரி

பதில்: தம்பி, யாக்கோபு என்ன சொல்கிறார் பாருங்கள்: 'அவனவன் தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு, சோதிக்கப்படுகிறான்' (1:14). 'சுய' என்று எழுதியிருக்கிறார். பழியை ஆவியின்மேல் போட்டால் அன்றைக்கு மனசு லேசாகும். ஆனால் கூட்டம் முடிந்து அறைக்குத் திரும்பினால், இரவு பதினொன்றரைக்குப் போன் அதே தலையணைக்கு அடியில்தான் கிடக்கும்.

எத்தனை முறை அழுதீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே இருந்தபோது விழுந்தீர்கள் என்பது இல்லை. எங்களுக்கு அதுதான் வேண்டும். கடைசி ஐந்து முறையை ஒரு தாளில் எழுதுங்கள். கிழமை, நேரம், இடம், அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது, அன்றைக்கு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். ஐந்தில் குறைந்தது மூன்று ஒரே மாதிரி இருக்கும். நண்பர்கள் ஊருக்குப் போன சனிக்கிழமை இரவு, மேலாளரிடம் திட்டு வாங்கிய நாள், முழு இரவு ஜெபம் முடிந்து மறுநாள் தனியாகப் படுத்துக் கிடந்த மத்தியானம், இப்படி ஏதாவது. முழு இரவு ஜெபம் என்றதும் ஆச்சரியப்பட வேண்டாம். பசியும் தூக்கமின்மையும் மனுஷனைப் பலவீனப்படுத்தும். சோர்ந்துபோன எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், நடுவே தூக்கமும்தான் (1 இராஜாக்கள் 19).

தாளை எழுதி முடித்த கையோடு 2 சாமுவேல் 11-ஐ எடுங்கள். தாவீது விழுந்தது நான்காம் வசனத்தில். ஆனால் முதல் வசனத்திலேயே, ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவன் எருசலேமில் தங்கிவிட்டான். பிறகு உப்பரிகையில் உலாத்தினான், குளிக்கிற ஒரு பெண்ணைப் பார்த்தான், யாரென்று விசாரித்தான், உரியாவின் மனைவி என்று பதில் வந்தும் ஆள் அனுப்பினான். ஒவ்வொரு படியிலும் நின்றிருக்கலாம். முதல் படியில் நிற்பது சுலபம், கடைசிப் படியில் நிற்பது மிகக் கடினம். நீங்கள் இதுவரை கடைசிப் படியில் நின்றுகொண்டு பலம் கேட்டிருக்கிறீர்கள்.

ஆகவே முதல் படிக்கு வருவோம். போன் இரவில் எங்கே தூங்குகிறது? சார்ஜரைப் படுக்கைப் பக்கமிருந்து கழற்றி, நாலு பேர் நடமாடும் இடத்தில் மாட்டுங்கள். பத்து மணிக்குப் போன் அங்கே போய்விட வேண்டும். அலாரத்துக்குத் தேவை என்பீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். தனி அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறைக்குள் போன் வேண்டாம்.

அடுத்தது வடிகட்டி. அறையில் வைஃபை இருந்தால், ரூட்டர் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களைப் போடுங்கள். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டி அது. ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. ஆனால் மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ரூட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் போனிலும் தடுப்பு வேண்டும். ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்' பகுதியில் இதற்கு வசதி இருக்கிறது. அதன் கடவுஎண்ணை நீங்கள் வைக்காதீர்கள், உங்களுக்குப் பொறுப்பான ஒருவர் வைக்கட்டும். பூட்டையும் சாவியையும் ஒரே ஆள் வைத்திருந்தால் அது பூட்டு இல்லை. ஆன்ட்ராய்டில் 'பிரைவேட் டி.என்.எஸ்.' மூலம் செய்யலாம். ஆனால் நினைத்த நேரத்தில் அதை எடுத்துவிட முடியும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரீல்ஸ் ஓடும் செயலிகளை எந்த டி.என்.எஸ். வடிகட்டியும் சலிக்காது. உங்கள் தாளில் அந்தச் செயலியின் பெயர் இருந்தால் செயலியையே அழிக்க வேண்டியதுதான். வேலி தாண்டுகிற ஆடு தாண்டத்தான் செய்யும். ஆனாலும் தாண்டுவதற்கு ஆகும் அந்த இரண்டு நிமிடம் உங்களுக்குக் கிடைக்கிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் அறையை விட்டு வெளியே வாருங்கள். பொங்குகிற பாலை ஊதிக்கொண்டே நிற்பதைவிட அடுப்பை அணைப்பது மேல். வேகம் பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக அடங்கும். எஜமானின் மனைவி இச்சித்துப் பிடித்தபோது யோசேப்பு அந்த வீட்டுக்குள் முழங்கால் போடவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு வெளியே ஓடினான் (ஆதியாகமம் 39:12). ஜெபம் தெருவிலும் செய்யலாம், நடந்துகொண்டே செய்யலாம்.

பொறுப்பாளர் யார்? உங்களைவிட மூத்த ஒரு ஆண், வாய் காப்பவர். இதே போராட்டத்தில் இருக்கிற சம வயது நண்பன் மட்டும் போதாது. இரண்டு பேரும் 'நானும்தான்டா' என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு படுத்துவிடுவீர்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். 'எப்படி இருக்கீங்க தம்பி?' என்று அவர் கேட்டால் 'நல்லா இருக்கேண்ணே' என்றுதான் பதில் வரும். 'இந்த வாரம் எத்தனை முறை? எந்த நாள்? போன் எங்கே இருந்தது?' என்று கேட்கும்படி நீங்களே அவரிடம் சொல்லிவையுங்கள். விழுந்த பிறகு போன் பண்ணுவது நல்லது, விழுமுன் பண்ணுவது அதைவிட நல்லது. பாடல் நடத்துவது பற்றிப் போதகரிடமே பேசுங்கள். சில மாதம் விலகியிருக்கச் சொன்னால் அதைத் தண்டனையாக எடுக்க வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு நாள் விழலாம். அப்போது பெரும் சேதம் மறுநாள்தான் வரும். 'இந்த வாரம் கெட்டது கெட்டுப்போச்சு, ஞாயிற்றுக்கிழமை புதிதாய் ஆரம்பிப்போம்' என்று நினைத்தால் ஒரு விழுகை நாலு நாளாக நீளும். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ல், ஞாயிறு வரை காத்திருக்கச் சொல்லி எதுவும் இல்லை. அந்த மணி நேரத்திலேயே அறிக்கையிடுங்கள், அந்தப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், ஓட்டை எங்கே என்று பார்த்து அன்றைக்கே அடையுங்கள்.

பழங்காலச் சபையின் போதகரான அகுஸ்தீனை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கி.பி. 386-ல் மிலான் நகரத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தவர் ரோமர் 13-ஐத் திறந்தார். 'துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து' என்ற பகுதியைப் படித்தார், வாழ்க்கை மாறியது. இது எல்லாருக்கும் தெரியும். அதன்பின் அவர் பேச்சுக்கலை ஆசிரியர் வேலையை விட்டதும், தாயோடும் நண்பர்களோடும் கிராமத்து வீடொன்றில் போய்த் தங்கியதும், 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றதும் பிரசங்கத்தில் அவ்வளவாக வருவதில்லை. தோட்டத்தில் அழுதவர் பழைய அறைக்கே திரும்பிப் போகவில்லை.

மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? வேலை, படிப்பு, உறவு எல்லாம் கெட்டும், ஆறு மாதத்துக்கு மேலாக நிறுத்தவே முடியாமல் இருந்தால் பாருங்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. ஆனால் 'இது பாவம்' என்ற மனவேதனை மட்டும் இருந்தால் அதை நோய் என்று சொல்லக் கூடாது என்றும் அதே பட்டியல் சொல்கிறது. எல்லாப் போராட்டமும் வியாதி இல்லை. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் தினமும் இரண்டு குவாட்டர் குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது. ஜெபக் கூட்டத்தில் 'இன்றோடு விட்டுவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒரு பொடி வாங்கித் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: அம்மா, முதலில் பொடி. வேண்டவே வேண்டாம். இப்படி ரகசியமாக விற்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. குடியை நிறுத்த மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்திருந்தால், அது உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். அந்த மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இப்படி ஆக வாய்ப்புண்டு. மருத்துவர் அதை நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் தொடங்குவார்.

அடுத்து, 'இன்றோடு விடு'. குவாட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அது ஏறக்குறைய 60 கிராம் சாராயம். உங்கள் வீட்டில் தினம் 120 கிராம் போகிறது. காலை நடுக்கம், உடம்பு அதற்குப் பழகிவிட்டதன் அடையாளம். இவ்வளவு குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் காய்ச்சல், குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது ஆகியவை வரலாம். இதைப் பார்த்துப் பிசாசு பிடித்தது என்று கட்டிப்போட்டு ஜெபிக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அது மருத்துவ அவசரம், 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆகவே மனம் திரும்பட்டும், நிறுத்துவது மருத்துவமனையில் நடக்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் சில நாள் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் தையமின் என்ற பி1 சத்தும் கொடுத்துப் பத்திரமாக இறக்குவார்கள். அதுவரை அவராக ஒரேயடியாய் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜெபிக்கிறவர்களும் கூடவே மருத்துவமனைக்கு வரட்டும்.

உடம்பிலிருந்து சாராயம் இறங்குவது ஆரம்பம் மட்டுமே. மருந்து முடிந்து வீட்டுக்கு வந்த முதல் மூன்று மாதத்தில் சம்பள நாள், கல்யாண வீடு, பழைய கூட்டாளி இவைதான் ஆபத்து. குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது அது.

உங்கள் பங்கு எது, அவர் பங்கு எது என்பதில் பெண்கள் திணறுகிறார்கள். கலாத்தியர் 6-ல் இரண்டாம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது, ஐந்தாம் வசனம் அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. மருத்துவமனையில் துணை இருப்பது முதல் வகை. முதலாளியிடம் 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வதும், கடைக் கடனை நகை வைத்து அடைப்பதும் அவருடைய பாரம், அதை விட்டுவிடுங்கள். கை நீட்டினால் பொறுத்துப்போகச் சொல்லும் ஆலோசனையைக் கேட்க வேண்டாம். பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள்.

கேள்வி: தப்பான நினைவு தானாக வருவதே பாவமா? மத்தேயு 5:28 பயமாக இருக்கிறது.
— ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: இல்லை. அந்த வசனம் 'இச்சையோடு பார்க்கிற எவனும்' மனதில் விபசாரம் செய்தாயிற்று என்கிறது. இச்சிப்பதற்காகவே பார்ப்பதைத்தான் இயேசு சொல்கிறார். கண்ணில் பட்டது வேறு, திரும்பி இரண்டாம் முறை பார்த்தது வேறு. தூக்கத்தில் வரும் கனவும், அப்போது உடம்பில் நடப்பதும் பாவக் கணக்கில் இல்லை. நினைவு வந்ததும் அதோடு மல்லுக்கட்டினால் அது பெரிதாகும். எழுந்து வேறு வேலை பாருங்கள்.

கேள்வி: கல்யாணம் ஆனால் இந்தப் பழக்கம் போய்விடும் என்கிறார்கள். எனக்குப் பெண் பார்க்கிறார்கள். சொல்ல வேண்டுமா?
— ஒரு சகோதரர், கோயம்புத்தூர்

பதில்: போகாது. முதல் சில மாதம் அடங்கியதுபோல் இருக்கும். மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலோ, இருவருக்கும் சண்டை வந்தாலோ திரும்பி வரும். இது உடல் தேவையால் மட்டும் நிற்கிற பழக்கமில்லை. தனிமையையும் சலிப்பையும் ஆற்றிக்கொள்ள நீங்கள் பழகிய வழி இது. மனைவி அதற்கு மருந்தல்ல, அப்படி நினைப்பது அவளுக்கு அநியாயம்.

சொல்லத்தான் வேண்டும். எத்தனை வருடமாக, கடைசியாக எப்போது, இப்போது என்ன செய்கிறீர்கள், யாரிடம் கணக்குக் கொடுக்கிறீர்கள் என்ற நான்கும் போதும். என்ன பார்த்தீர்கள் என்ற விவரம் வேண்டாம். அது அவள் மனதில் படமாய் நிற்கும். அவளையே உங்கள் காவல்காரியாக்கவும் வேண்டாம், அதற்குத்தான் மூத்த சகோதரர். எப்போது என்றால், இரண்டு மூன்று முறை பேசிப் பழகி, சம்மதம் சொல்லுமுன். பத்திரிகை அடித்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு சொன்னால், அந்தப் பெண்ணால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது.