டீசல்-மின்சார ஹைப்ரிட் பஸ்களால் நகரத்தில் புகை உண்மையிலேயே குறையுமா?

குறையும். எவ்வளவு என்பது பஸ் ஓடும் ரூட்டைப் பொறுத்தது. நான் வசிக்கும் அமெரிக்காவின் சியாட்டிலை வைத்தே சொல்கிறேன்.

இந்த ஊரின் மையத்தில் 1990-ல் பஸ்ஸுக்கென்றே ஒரு சுரங்கப்பாதை திறந்தார்கள். மூடிய இடத்தில் டீசல் புகை ஆகாது என்பதால் இத்தாலியின் பிரெடா பஸ்களை வாங்கினார்கள். வெளியே டீசலில் ஓடும். சுரங்கத்துக்குள் மேலே போகும் கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும். எடை அதிகம், பராமரிப்பும் பெரிய தலைவலி. 2004 முதல் அவற்றின் இடத்துக்கு, நடுவில் மடியும் 60 அடி நியூ ஃப்ளையர் ஹைப்ரிட்கள் வந்தன. 2019-ல் சுரங்கத்தில் பஸ்கள் ஓடுவது நின்றது; அதுவரை, உள்ளே நுழையும்போது 'ஹஷ் மோட்' போட்டால் இன்ஜின் சத்தமும் புகையும் அடங்கிவிடும்.

டீசல் இன்ஜின் அதிகம் திணறுவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான். ஸ்டாப்பில் நிற்பவர் முகத்தில் கரும்புகை அடிப்பதும் அப்போதுதான். ஹைப்ரிட்டில் அந்தச் சுமையை மோட்டார் பங்கிட்டுக்கொள்கிறது. பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, கூரையிலுள்ள பேட்டரியில் சார்ஜ் ஏற்றும். சியாட்டில் மேடும் பள்ளமுமான ஊர். பின் சீட்டில் உட்கார்ந்தால், இறக்கத்தில் மெல்லிய ரீங்காரம் ஒன்று எழுந்து, வேகம் குறையக் குறையத் தேய்வது கேட்கும். சாதாரண பஸ்ஸில் வெறும் சூடாக வீணாகும் சக்தி அது.

அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2005-06-ல் இந்த பஸ்களையும், அதே ரக இன்ஜின் பொருத்திய டீசல் பஸ்களையும் ஓராண்டு ஒப்பிட்டது. டீசல் பஸ் லிட்டருக்குச் சுமார் 1.06 கி.மீ., ஹைப்ரிட் 1.35 கி.மீ.; அதாவது 27 சதவீதம் கூடுதல். விலையோ அப்போது சுமார் 2 லட்சம் டாலர் அதிகம்! அதனால்தான் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓடும் ரூட்டில் இதை விடுவது காசைக் கரைக்கும் வேலை என்கிறேன். பிரேக்கே போடாத பஸ் எங்கிருந்து சக்தியைச் சேமிக்கும்?

இன்னொன்று: நுரையீரலைக் கெடுக்கும் கரித்துகளைப் பிடிப்பது பேட்டரி இல்லை, சைலன்சர் பக்கம் இருக்கும் துகள் வடிகட்டி. கந்தகம் குறைந்த டீசல் கிடைத்தால்தான் அது அடைபடாமல் உழைக்கும்.

இன்று புதிதாக வாங்கும் ஊர், டிப்போவில் சார்ஜ் செய்யப் போதுமான மின்சாரம் இருந்தால் நேராக மின்சார பஸ்ஸுக்கே போகட்டும். லண்டனில் 2021 முதல் புதிதாக வரும் பஸ்கள் எல்லாமே புகையில்லா வகைதான். டிப்போவுக்கு மின் இணைப்பு வரத் தாமதமாகும் ஊரில், ஸ்டாப்புகள் நெருங்கியிருக்கும் ரூட்டுகளுக்கு ஹைப்ரிட்டைத் தாராளமாக வாங்கலாம்.