புதருக்கு என் பெயர் வைக்கலாமா?

கேள்வி: மலையேறப் போன இடத்தில், கூட வந்த யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பூப்புதரைப் பார்த்தேன். புது இனம் என்றால் என் பெயரையே வைத்துவிடலாமா?

பதில்: விதி தடுக்கவில்லை. ஆனால் தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்பவரை எங்கள் தாவரவியல் ஆட்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்!

அவசரப்படாதீர்கள். நானும் ஒருமுறை இரண்டு மாதம் துள்ளிக் குதித்தேன். கடைசியில் ஹெர்பேரியத்தின் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம்) பழைய தாள் ஒன்றில் அதே செடி, பெயரோடு, பழுப்பேறிப்போய் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அனுமதி வாங்கி, பூவும் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். பூவின் நிறத்தை அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். என் ஊதாப்பூ காய்ந்ததும் காப்பித்தூள் நிறமாகிவிட்டது. நோட்டிலோ ஒரு வரி இல்லை. பிறகு லென்ஸோடு உட்கார வேண்டும். இலையின் அடிப்புறத்து மயிர் ஒற்றை இழையா, நட்சத்திரம் போலக் கிளைத்ததா? பூவின் அடியில் இருக்கும் புல்லிவட்டம் எத்தனை மில்லிமீட்டர்? நெருங்கிய உறவுச் செடிகளிலிருந்து எதில் வேறுபடுகிறது? உண்மையான வேலை இதுதான், மாதக்கணக்கில் இழுக்கும்.

உலர்த்திய மாதிரிகளில் ஒன்றை, அந்தப் பெயருக்கு நிரந்தர அடையாளமாக, ‘ஹோலோடைப்’ என்று குறித்து, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் புது இனத்தை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரையில் சொல்ல வேண்டும். 1935 முதல் 2011 வரை லத்தீனில் விளக்கம் எழுதுவது கட்டாயம். 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் செல்லும். ஃபேஸ்புக்கில் படம் போட்டுப் பெயர் வைத்தால் செல்லாது.

செடியை நீங்கள் சேகரித்து, விளக்கத்தை வேறொருவர் எழுதினால், அவர் உங்கள் பெயரை வைக்கலாம். அதில் யாருக்கும் முகம் கோணாது.