கோபக்காரருக்கு இன்ட்ராடே ஒத்துவருமா? வாசகர் கேள்வி பதில்

(கோவையில் பங்குத் தரகர் அலுவலகத்தில் டீலராகப் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர், டிரேடிங்கும் மனித சுபாவமும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

பதினாறு வகைக் குணங்களில் நாம் எந்த வகை என்று சொல்லும் தேர்வை இணையத்தில் எழுதினேன். தனியாக யோசித்துத் திட்டமிடும் வகை என்று வந்தது. இந்த வகையினருக்கு ஆப்ஷன் டிரேடிங்தான் (பங்கைக் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ தரும் உரிமையை வாங்கி விற்பது) பொருத்தம் என்கிறது ஒரு பயிற்சி வகுப்பு. கட்டணம் நாற்பதாயிரம். சேரலாமா?
— 26 வயது வாசகர், திருப்பூர்

சேராதீர்கள் தம்பி.

அந்தப் பதினாறு வகைத் தேர்வு, உளவியலாளர் யுங்கின் கருத்துகளை வைத்து அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. கம்பெனிகளின் பயிற்சி முகாம்களில் அதற்கு மவுசு உண்டு. ஆனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வந்துவிடுகிறது. அதை நம்பியா பணத்தை இறக்குவது?

குணத்துக்கும் டிரேடிங் லாபத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஆண்ட்ரூ லோ என்ற பேராசிரியர் இரண்டு பேரோடு சேர்ந்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார். டிரேடிங் பயிற்சியில் சேர்ந்திருந்த 80 பேரைப் பல வாரங்கள் கவனித்தார்கள். ‘வெற்றி பெறும் டிரேடரின் குணம் இது’ என்று எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. லாபம் வந்தால் துள்ளுவது, நஷ்டம் வந்தால் துவண்டுபோவது என்று இரண்டு பக்கமும் அதிகமாக ஆடியவர்கள் மோசமாகவே செய்திருந்தார்கள்.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் (ஃபியூச்சர்ஸும் ஆப்ஷன்ஸும்) டிரேட் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்கிறது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி. சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய். மொத்தம் 1.8 லட்சம் கோடியைத் தாண்டிய தொகை. ஒரு கோடிப் பேரில் பதினாறு வகையும் இருந்திருக்கும், உங்கள் வகையும் சேர்த்துத்தான்.

சுபாவத்தைத் தெரிந்துகொள்வதில் பலன் இருக்கிறது, தம்பி. நீங்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுவீர்கள் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். போனில் ஆர்டர் வாங்கிய காலத்தில் தினமும் இதைப் பார்த்தேன். ஒருவர் ஒரே பங்கின் விலையை மறுபடி மறுபடி கேட்பார், வாங்க மாட்டார். அது ஏறி முடித்த பிறகு, இனி பயமில்லை என்று மொத்தமாக வாங்குவார். எச்சரிக்கையான சுபாவம்தான் அவரை உச்சியில் வாங்க வைக்கும். இன்னொருவர் 9.15க்கு மார்க்கெட் திறந்ததுமே, “மார்க்கெட் ரேட்டுக்கே போட்டுடுங்க” என்பார். விலை நிலைகொள்ளும் வரை பொறுக்க அவரால் ஆகாது. முன்னவர் வாங்கும் விலையை முதல் நாள் இரவே எழுதி வைத்திருக்க வேண்டும். பின்னவர் முதல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்தாலே பாதிப் பணம் மிஞ்சியிருக்கும்.

என் கணவர் தினமும் இன்ட்ராடே (வாங்கிய பங்கை அன்றைக்கே விற்பது) செய்கிறார். நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடத்துக்கு நாலைந்து முறை பங்கு வாங்கி அப்படியே வைத்துவிடுவேன். “உனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான்” என்கிறார். நான் கோழையா?
— ஆசிரியை, ஈரோடு

இல்லை அம்மா. அமெரிக்காவில் பார்பர், ஓடியன் என்ற இரு பேராசிரியர்கள் 35,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் 1991 முதல் 1997 வரையிலான பங்குக் கணக்குகளை எடுத்து, ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டார்கள். பெண்களைவிட ஆண்கள் 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றிருந்தார்கள். அப்படி வாங்கி விற்றதாலேயே ஆண்களின் வருமானம் ஆண்டுக்கு 2.65 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. பெண்களுக்குக் குறைந்தது 1.72. தன் கணிப்பின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருந்தால் கை சும்மா இருக்காது. ஒவ்வொரு முறையும் செலவு விழும்.

வாக்குவாதம் வேண்டாம். வருட முடிவில் தரகு நிறுவனம் தரும் லாப நஷ்டக் கணக்கை இருவரும் எடுத்து, தரகு, எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி), ஜி.எஸ்.டி., முத்திரைக் கட்டணம் எல்லாம் கழித்த பின் நிற்கும் தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உங்கள் பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கின் பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் தராதீர்கள். கணவருக்கும்தான். அலுவலகத்தில் இதனால் கண்ணீரோடு வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

எனக்கு முன்கோபம் அதிகம், வேகமும் அதிகம். இன்ட்ராடே ஒத்துவருமா?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

வராது. பின்லாந்தில் கார் வேகத்துக்காக அபராதம் கட்டியவர்களின் பதிவையும் பங்குக் கணக்கையும் இணைத்துப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. அதிகம் அபராதம் கட்டியவர்கள் பங்கிலும் அதிகம் வாங்கி விற்றிருந்தார்கள். இங்கே 2022-23இல் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். வருடத்துக்கு 500 டிரேடுக்கு மேல் போனவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு.

செய்தே தீருவேன் என்றால், ஒரே நாளில் இரண்டு நஷ்டம் வந்ததும் நிறுத்துங்கள். கோபக்காரர்கள் விட்டதை அன்றைக்கே பிடிக்கப் பார்ப்பார்கள். மூன்றாவது டிரேடில் அளவை இரட்டிப்பாக்குவார்கள். சில செயலிகளில் ‘கில் சுவிட்ச்’ உண்டு. அதை அழுத்தினால் அன்றைக்கு நீங்களே நினைத்தாலும் ஆர்டர் போகாது.

லாபத்தில் இருக்கும் பங்கை உடனே விற்றுவிடுகிறேன். நஷ்டத்தில் இருப்பதை விற்கக் கை வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பிழையில்லாமல் வேலை பார்த்தவன் நான். எனக்கு ஏன் இப்படி?
— ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர், தஞ்சாவூர்

பிழை பொறுக்காத சுபாவம் என்பதால்தான் ஐயா. விற்காத வரை அது பிழை என்று பதிவாகவில்லை, விற்ற நிமிடத்தில் பதிவாகிவிடும். ஷெஃப்ரின், ஸ்டாட்மன் என்ற இருவர் 1985இலேயே இந்தப் பழக்கத்தை விளக்கி எழுதிவிட்டார்கள். 1998இல் ஓடியன் பத்தாயிரம் கணக்குகளைப் பார்த்தார். விற்றுத் தள்ளிய லாபப் பங்குகள், கையில் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் தந்திருந்தன.

தனியார் வங்கியான யெஸ் பேங்க்கின் பங்கு ஞாபகம் இருக்கும். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. இறங்க இறங்க, ‘ஆவரேஜ் பண்ணு’ (குறைந்த விலையில் இன்னும் வாங்கி, வாங்கிய விலையின் சராசரியைக் குறை) என்று வாங்கிச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்! பெரும்பாலும் நிதானமான, பொறுப்பான மனிதர்கள். 2020 மார்ச் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. சீரமைப்புத் திட்டத்தில், நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் கையிருப்பில் 75 சதவீதம் மூன்று ஆண்டு முடங்கியது. அதன் பிறகு விற்க மனம் வந்தும் வழி இல்லை.

உங்கள் தொழில் முறையையே இதற்குப் பயன்படுத்துங்கள். பங்கு வாங்கும் அன்று, ஏன் வாங்குகிறேன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டு முடிவு வந்ததும், அந்த வரி இன்னும் உண்மையா என்று தணிக்கை செய்யுங்கள். பொய்யாகிவிட்டால் விலையைப் பார்க்காமல் விற்றுவிடுங்கள். நஷ்டமும் வீண் போகாது. வரி கணக்கிடும்போது, குறுகிய கால நஷ்டத்தைக் குறுகிய, நீண்ட கால லாபங்கள் இரண்டிலும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தில் மட்டும். மிஞ்சுவதை எட்டு ஆண்டு வரை கொண்டுபோகலாம், வருமான வரிக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால்.

நான் பொறுமைசாலி. ஐ.டி. வேலையில் பகலில் திரையைப் பார்க்க முடியாது. ஸ்விங் டிரேடிங் (பங்கைச் சில நாள் அல்லது சில வாரம் வைத்திருந்து விற்பது) செய்யலாமா?
— வாசகி, சென்னை

இந்த வாரம் வந்த கடிதங்களில் சுபாவமும் முறையும் பொருந்துவது உங்களுக்குத்தான். மாலையில் சார்ட் பார்த்து, ஜி.டி.டி. ஆர்டரில் (குறித்த விலை வந்ததும் தானே போகும் ஆர்டர்) ஸ்டாப்லாஸையும் (நஷ்டத்தை நிறுத்த விற்கும் விலை) டார்கெட்டையும் (லாபத்தில் விற்கும் விலை) போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஆனால் ஸ்டாப்லாஸ் எல்லா நாளும் காப்பாற்றாது. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அப்படிப்பட்ட நாளில் பங்கின் விலை உங்கள் ஸ்டாப்லாஸைத் தாண்டிக் கீழே குதித்துவிடும். ஆகவே அளவைச் சிறிதாக வையுங்கள். 1983இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற டிரேடர், டிரேடிங் கற்றுத் தரக்கூடியதா, பிறவிக் குணமா என்று நண்பர் எக்கார்ட்டுடன் பந்தயம் கட்டி, விளம்பரம் கொடுத்துப் பலதரப்பட்ட ஆட்களைச் சேர்த்துப் பழக்கினார். அவர்களில் 19 வயதுப் பையனும் இருந்தான், கணக்காளரும் இருந்தார். எல்லோருக்கும் ஒரே விதி: ஒரு டிரேடில் முதலீட்டில் 2 சதவீதத்துக்கு மேல் இழக்கும்படி இறங்கக் கூடாது.

நீங்கள் 1 சதவீதத்தில் தொடங்குங்கள். முதலீடு 5 லட்சம் என்றால் ஒரு டிரேடுக்கு 5,000 ரூபாய். வாங்கும் விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் 25 ரூபாய் இடைவெளி இருந்தால் 200 பங்கு. 50 ரூபாய் இருந்தால் 100. அதற்கு மேல் ஒரு பங்குகூட வேண்டாம்.