பேறுகால இறப்புகளைக் குறைக்க எந்தச் சேவையை முதலில் மேம்படுத்த வேண்டும்?

குழந்தை பிறந்த பிறகான முதல் 24 மணி நேரக் கவனிப்பை என்பேன். நான் பிரசவ அறையில் வேலை பார்க்கும் செவிலியர். திட்டம் வகுப்பவர்களைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023இல் மட்டும் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். நேரடிக் காரணங்களில் முதலிடம் ரத்தப்போக்குக்கு. நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். கர்ப்பப்பை இறுகச் சுருங்கினால்தான் அவை மூடும். சுருங்காவிட்டால், நல்ல உடல்நிலையில் இருந்த பெண்கூட இரண்டு மணி நேரத்துக்குள் உயிரிழக்கலாம். ஆனால் அந்த நேரத்தில்தான் அறையில் இருக்கும் எல்லோரும் குழந்தை அழுததா, எடை எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

போன ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவது பெரும்பாலும் குறைவாகவே முடியும். துணியும் மெத்தையும் உறிஞ்சியதை யார் கணக்கிடுவது? அளவுக் குறியிட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்துச் சேரும் ரத்தத்தை அளந்து, வரம்பைத் தாண்டியதும் கர்ப்பப்பையைத் தடவிவிடுதல், மருந்துகள், நரம்பு வழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறையை நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2023இல் முடிவு வெளியானது: கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. அதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

மருந்து இருந்தால் மட்டும் போதாது. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்த மருந்து வீரியம் இழந்திருக்கும். புட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ரத்தம் உறைய உதவும் டிரனெக்சாமிக் அமிலத்தைப் பிரசவத்துக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பலாமா என்று யோசிப்பதிலேயே அந்த மூன்று மணி நேரம் கரைந்துவிடுவதுண்டு.

உயர் ரத்த அழுத்தத்தால் வரும் வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் இருக்கிறது. விலை மலிவு, வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தால்தான் யாருக்குத் தேவை என்றே தெரியும்.

கருத்தடையையும் பாதுகாப்பான கருக்கலைப்பையும் தனிக் கதையாக ஒதுக்கிவிடக் கூடாது. ருமேனியாவில் 1966இல் கருக்கலைப்பு கடுமையாகத் தடுக்கப்பட்டது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்கவில்லை. பேறுகால இறப்பு ஐரோப்பாவிலேயே மிக அதிகமானது. 1989இன் இறுதியில் தடை நீங்கியது. மறு ஆண்டே இறப்பு விகிதம் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. சட்டம் மாறியதும் பலன் இவ்வளவு வேகமாகத் தெரிவது பொது சுகாதாரத்தில் அபூர்வம்.

இன்னொன்று, எங்கள் தொழிலைப் பற்றியே சொல்கிறேன். வலியில் கத்தியதற்காக வசவு வாங்கிய பெண் அடுத்த பிரசவத்துக்குத் தாமதித்துத்தான் வருவாள், அல்லது வரவே மாட்டாள். எந்தக் கருவி வாங்கினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் பகுதி மருத்துவமனையின் நிர்வாகத்தோடு பேச வாய்ப்புக் கிடைத்தால், எத்தனை படுக்கை என்று கேட்காதீர்கள். நள்ளிரவில் ரத்தப்போக்கு தொடங்கினால், மருத்துவர் வந்து சேரும்வரை காத்திருக்காமல் முதல் மருந்தைச் செலுத்தச் செவிலியருக்கு எழுத்து வடிவில் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.