முறைகேட்டுக்குப் பிறகு ஒரு விளையாட்டுச் சம்மேளனம் நம்பிக்கையையும் நிதியையும் எப்படி மீட்கிறது?

சம்மேளனம் என்பது ஒரு விளையாட்டின் விதி, தேசிய அணி, பணம் எல்லாவற்றையும் கையில் வைத்திருக்கும் அமைப்பு. அது தவறினால் வீரர்களுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

கனடாவின் ஐஸ் ஹாக்கிச் சம்மேளனமான ‘ஹாக்கி கனடா’வைப் பாருங்கள். பாலியல் புகார்களைப் பணம் கொடுத்து முடிக்க, வீரர்களின் பதிவுக் கட்டணமும் சேர்ந்த நிதியை அது பயன்படுத்தியது 2022-இல் வெளிவந்தது. பிள்ளை விளையாடட்டும் என்று பெற்றோர் கட்டிய காசு அது! அரசு நிதியை நிறுத்தியது, விளம்பரதாரர்கள் ஒதுங்கினார்கள், அக்டோபரில் இயக்குநர் குழுவே விலகியது. 2023 ஏப்ரலில்தான் அரசுப் பணம், அதுவும் நிபந்தனைகளோடு, திரும்பியது.

சுவருக்குள் குழாய் கசியும்போது மேலே பெயிண்ட் அடித்தால் ஈரக்கறை மறுபடி வரும். புகாரை வெளியாள் விசாரிப்பதும் கணக்கைத் திறந்து காட்டுவதும்தான் கசிவை அடைக்கும் வேலை.

சரி, பணம் வந்துவிட்டால் நம்பிக்கையும் வந்துவிட்டதா? பலர் அப்படி நினைக்கிறார்கள். நிதியை ஓர் உத்தரவில் விடுவிக்கலாம், பெற்றோரின் தயக்கம் அப்படிப் போகாது.