எங்கள் நாய் எக்ஸ்எல் புல்லியா?

வணக்கம். க்ராய்டனில் 2 வயது ஆண் நாய், 'பாக்கெட் புல்லி' (புல்லி நாய்களில் சிறிய வகை) என்று சொல்லி வாங்கியது, இப்போது பக்கத்து வீட்டுக்காரர் இது எக்ஸ்எல் புல்லி (இங்கிலாந்தில் தடை செய்யப்பட்ட பெரிய நாய் வகை) என்று போலீசில் சொல்லப் போவதாக மிரட்டுகிறார், டிஎன்ஏ சோதனை போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. விற்றவர் சொன்ன பெயரும் செல்லாது. இங்கிலாந்தில் சட்டம் பார்ப்பது உடலமைப்பைத்தான். முதலில் உயரம்: ஆணுக்கு 51 செ.மீ., பெண்ணுக்கு 48. அதைத் தொட்டால் தலை, மார்பு, எலும்பு எல்லாம் பார்ப்பார்கள். தலையிலிருந்து அளக்காதீர்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், தோள்பட்டைக்கு மேலே, ஒரு தடித்த புத்தகத்தைச் சுவரோடு ஒட்டிப் படுக்கையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டு அளங்கள். கம்பளத்தில் அல்ல, வெறுந்தரையில். எங்கள் வீட்டில் கம்பளத்தில் அளந்ததில் ஒன்றரை செ.மீ. வித்தியாசம்!

51-க்குக் கீழே நின்றால் நிம்மதி. கோடு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். 51-ஐத் தொட்டாலோ மேலே போனாலோதான் சிக்கல். தடை செய்த நாயை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் விலக்குச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் கெடு 2024 ஜனவரி 31-உடன் முடிந்துவிட்டது. பயந்துபோய் நண்பருக்குக் கொடுத்துவிடாதீர்கள், இனாமாகக் கொடுப்பதும் குற்றம். உடனே இந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். போலீஸ் வந்து நாயின் உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளை நீட்டினால், வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஆபத்தில்லாத நாய் என்று நீதிமன்றம் ஏற்றால், கருத்தடை, மைக்ரோசிப், காப்பீடு, வெளியே வாய்ப்பூட்டு என்ற நிபந்தனைகளோடு உங்களிடமே விடலாம்.

அளந்துவிட்டு இங்கே எழுதுங்கள்.