எண்ணெயை விட்டாச்சு, கொழுப்பு ஏன் இறங்கவில்லை? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பஜ்ஜி, வடை, முட்டை எல்லாவற்றையும் விட்டு ஆறு மாதமாகிறது. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) இன்னும் 280. எங்கிருந்துதான் வருகிறது?

பதில்: பெரும்பாலும் உங்கள் கல்லீரலிலிருந்து. பலகாரம் போன இடத்தில் இன்னொரு கரண்டி சோறும் இனிப்புக் காபியும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மாவுச்சத்து கூடினால் இன்சுலின் ஏறும். இன்சுலின் கல்லீரல் செல்லில் எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்ற புரதத்தைக் கிளப்பிவிடும் (சுருக்கமாக ‘ஸ்ரெப்-1சி’ என்போம்). அது செல்லின் உட்கருவுக்குள் போய், கொழுப்பு தயாரிக்கும் நொதிகளின் மரபணுக்களை முடுக்கும். சர்க்கரை கொழுப்பாகி ரத்தத்துக்கு வந்துவிடும்.

இதில் ஒரு வம்பு உண்டு. சர்க்கரை நோயின் தொடக்கத்தில், ‘சர்க்கரை தயாரிப்பதை நிறுத்து’ என்று இன்சுலின் சொன்னால் கல்லீரல் கேட்காது. ‘கொழுப்பு தயாரி’ என்றால் மட்டும் கேட்கும். அதனால்தான் பலருக்கு சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் சேர்ந்தே ஏறுகின்றன. மது, தைராய்டு குறைவு போன்ற காரணங்களும் உண்டு. அவற்றையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: கொலஸ்ட்ராலுக்கும் இதே சுவிட்சா மேடம்?

பதில்: அதன் உடன்பிறப்பு, ஸ்ரெப்-2. செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறைய இருந்தால் இந்த ஸ்ரெப்-2 சவ்வில் கட்டிக் கிடக்கும். கொலஸ்ட்ரால் குறைந்ததும் விடுபட்டு, வெட்டுப்பட்டு, உட்கருவுக்குப் போகும். போய் இரண்டு வேலை செய்யும்: கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் கூட்டும், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை (‘கெட்ட’ கொலஸ்ட்ராலை) உள்ளே இழுக்கும் ஏற்பிகளையும் கூட்டும். அந்த ஏற்பியைக் கண்டறிந்தவர்கள் டல்லஸில் பணியாற்றிய மைக்கேல் பிரௌனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும். 1985இல் நோபல் பரிசு வாங்கினார்கள். சுவிட்சைப் பிடித்தது அதற்கும் அப்புறம், 1990களில்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரை வேலை செய்வதும் இந்த வழியில்தான். தயாரிப்பை அடைத்தால் செல்லுக்குள் கொலஸ்ட்ரால் குறைகிறது. ஸ்ரெப்-2 விழிக்கிறது, ஏற்பிகள் பெருகுகின்றன, ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது. ‘மாத்திரை உற்பத்தியை நிறுத்துகிறது’ என்பது பாதிக் கதைதான்.

கேள்வி: ஸ்டாட்டின் அளவை இரண்டு மடங்காக்கினார்கள். எல்.டி.எல். ஆறு சதவீதம்தான் இறங்கியது. மருந்து சரியில்லையா?

பதில்: மருந்து சரிதான், எல்லோருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இறங்கும். ஒரு காரணம், அதே ஸ்ரெப்-2 பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணுவையும் தூண்டுகிறது. அதன் புரதம் ஏற்பிகளை அழிக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதுபோல.

இந்த மரபணு கவனத்துக்கு வந்தது 2003இல், பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில். அங்கே அது மிகையாக வேலை செய்து கொலஸ்ட்ராலை ஏற்றியிருந்தது. 2006இல் வந்த அமெரிக்க ஆய்வு இதற்கு நேர் எதிரானவர்களைக் காட்டியது. பி.சி.எஸ்.கே.9 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டுப் பிறந்த கறுப்பினத்தவருக்கு எல்.டி.எல். 28% குறைவு, இதயத் தமனி நோயோ 88% குறைவு! எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த எண்கள் இவை. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் அப்படி இருக்கிறது என்பதும் கணக்கு. இந்தப் புரதத்தை மடக்கும் ஊசிகள் 2015இல் வந்தன. அதைத் தயாரிக்கச் சொல்லும் மரபணுச் செய்தியையே கல்லீரலில் அழிக்கும் இன்க்லிசிரான் ஊசியைத் தொடக்கத் தவணைகளுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும்.

கேள்வி: வயது 27, ஒல்லியான உடம்பு, எல்.டி.எல். 210. அப்பாவுக்கு 42இல் மாரடைப்பு. உணவுக் கட்டுப்பாடு போதுமா அக்கா?

பதில்: போதாது தம்பி. இது பரம்பரைக் கொலஸ்ட்ராலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலும் ஏற்பியின் மரபணுவில் ஒரு பிரதி பழுது. ஒல்லியாக இருப்பது இதற்குக் காப்பு இல்லை. தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

கேள்வி: நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லை மாத்திரையால் ஏற்றினால்?

பதில்: முயன்று பார்த்துவிட்டார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே ஏற்றியது. ஆனால் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006இல் சோதனையையே நிறுத்தினார்கள்.